கயிற்றை வெடுக்கென்று உதறினாலும் அலை ஏன் சீக்கிரம் போவதில்லை?

கேள்வி:
கயிற்றின் ஒரு முனையைக் கொக்கியில் கட்டி, மறுமுனையை இழுத்துப் பிடித்து ஒரு உதறு உதறினால் மேடு ஒன்று கிளம்பிப் போய் மோதித் திரும்பி வருகிறது, சரி. ஆனால் வெடுக்கென்று உதறினாலும் மெதுவாக உதறினாலும் அதே நேரம்தான் ஆகிறது. அப்புறம், மேடாகப் போனது பள்ளமாகத் திரும்புகிறதே, ஏன்?

பதில் 1:
கை அசைவது மேலும் கீழும், அலை போவது நீளவாக்கில். இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்கிறீர்கள். கயிற்றில் மையால் ஒரு புள்ளி வைத்துப் பாருங்கள். மேடு கடக்கும்போது புள்ளி ஏறி இறங்கும், அவ்வளவுதான், மேட்டோடு சேர்ந்து கொக்கிப் பக்கம் போய்விடாது. கயிறு வளைந்திருக்கும் இடத்தில் இரண்டு பக்கத்து இழுவிசையும் நேரெதிராக இருக்காது. மிஞ்சுகிற விசைதான் அந்தத் துண்டை அசைக்கிறது. இழுவிசை கூடினால் அது சட்டென்று அசையும், கயிறு கனமென்றால் சுணங்கும். வெடுக்கென்று உதறினால் மேடு குறுகலாக வரும், மெதுவாக என்றால் அகலமாக வரும். கைக்கு அதோடு வேலை முடிந்தது.

பதில் 2:
கணக்காகச் சொன்னால், இழுவிசையை ஒரு மீட்டர் கயிற்றின் நிறையால் வகுத்து வர்க்கமூலம் எடுத்தால் வேகம். மீட்டருக்கு 50 கிராம் உள்ள கயிறு, 20 நியூட்டன் இழுவிசை என்றால் நொடிக்கு 20 மீட்டர். அதை 40 ஆக்க 80 நியூட்டன் வேண்டும், இரண்டு மடங்கு இழுத்தால் போதாது. (ரொம்பப் பெரிதாக உதறினால் கயிறே நீண்டு இழுவிசை மாறிவிடும், அப்போது இந்தக் கணக்கு நிற்காது.)

பள்ளம் விஷயம்: மேடு வந்து கொக்கியை மேலே இழுக்கிறது, அசையாத கொக்கி பதிலுக்குக் கயிற்றைக் கீழே இழுக்கிறது. கொக்கிக்குப் பதில் வழவழப்பான கம்பியில் ஏறி இறங்கும் லேசான வளையத்தில் கட்டினால் மேடு மேடாகவே திரும்பும்.

கேட்டவர்:
புள்ளி வைத்துப் பார்த்தேன், நீங்கள் சொன்னபடிதான். ஆனால் மேலே கட்டித் தொங்கவிட்ட கயிற்றின் அடிமுனையை உதறினால், மேடு ஏற ஏற வேகம் பிடிக்கிற மாதிரி தெரிகிறது. கண் ஏமாற்றுகிறதா?

பதில் 2:
கண் சரியாகத்தான் பார்க்கிறது. மேலே போகப் போக, கீழே தொங்குகிற கயிற்றின் எடை கூடுகிறது, அதனால் இழுவிசையும் கூடுகிறது. கணக்குப் போட்டால் நிறை அடிபட்டுப் போய்விடும், தடித்த கயிறோ மெல்லிய கயிறோ ஒரே நேரம்தான். 2.5 மீட்டர் கயிற்றில் அடியிலிருந்து உச்சிக்கு ஏறக்குறைய 1 நொடி, உச்சியைத் தொடும்போது வேகம் நொடிக்குச் சுமார் 5 மீட்டர். அடிமுனையை உதறியதும் கையை எடுத்துவிடுங்கள், பிடித்து இழுத்தால் அந்த இழுப்பும் சேர்ந்துகொள்ளும்.