கவுன்ட்டருக்கு அந்தப் பக்கம் நின்றவர்கள்: பென்ஷன் அனுபவங்கள்

கருவூலத்துக்காரர்:

சார்நிலைக் கருவூலம் ஒன்றில் பென்ஷன் செக்‌ஷனில் பதினொரு வருடம் உட்கார்ந்திருந்தேன். இப்போது நானும் பென்ஷனர்தான். அந்த நாற்காலியில் இருந்தபோது பார்த்த சிலரை எழுதி வைக்கலாம் என்று தோன்றியது. உங்களுக்கும் இருக்கும், எழுதுங்கள்.

அப்போதெல்லாம் வருடாந்திர நேர்காணல் ஏப்ரலில் தொடங்கி ஜூன் வரை நடக்கும். சரியான கத்திரி வெயிலில் எழுபது, எண்பது வயதுக்காரர்கள் எல்லாம் வரிசையில் நிற்பார்கள். “உயிரோடு இருக்கிறேன்” என்று அரசாங்கத்துக்கு நேரில் காட்டுவதற்கு இதைவிட மோசமான மாதத்தைத் தேர்ந்தெடுத்திருக்க முடியாது.

அலுவலக உதவியாளராக இருந்து ஓய்வு பெற்ற ஒரு பெரியவர் ஒவ்வொரு வருடமும் இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில் வருவார். பையில் பேனா இருக்கும். மகன் பைக்கில் கொண்டுவந்து விடுவான், ஆனால் உள்ளே விடமாட்டார். “நீ வெளியில நில்லு, இது என் ஆபீஸ் வேலை.” பி.பி.ஓ. என்கிற ஓய்வூதிய ஆணைப் புத்தகத்தை நாலு பிளாஸ்டிக் கவருக்குள் இருந்து எடுப்பார். பிறகு எப்போதும் அதே கேள்வி: “எண்பதுக்கு இன்னும் எத்தனை சார்?”

எண்பது வயது முடிந்தால் அடிப்படை ஓய்வூதியத்தில் 20 சதவீதம் கூடுதலாக வரும். 85க்கு 30, 90க்கு 40, 95க்கு 50. நூறு வயது ஆனால் முழுசாக இன்னொரு மடங்கு. அவருக்கு ரெக்கார்டில் 77. நிஜத்தில் எண்பதைத் தாண்டியிருந்தார். பள்ளிக்கூடத்தில் சேர்த்தபோது ஹெட்மாஸ்டர் போட்ட தேதி அது. அந்தக் காலத்தில் பாதிப் பேருக்கு அப்படித்தான். நான் சொன்னேன், “அந்தத் தேதியாலதானே மூணு வருஷம் கூட சர்வீஸ் பார்த்தீங்க?” சிரித்துக்கொண்டே, “அப்ப லாபம், இப்ப நஷ்டம். கணக்கு சரியாப் போச்சு” என்றார். ரெக்கார்டுப்படி எண்பது ஆன வருடம் அவர் வரவில்லை. மகன் மட்டும் இறப்புச் சான்றிதழோடு வந்தான்.

இன்னொரு அம்மா. கணவர் பணியில் இருக்கும்போதே இறந்துவிட்டார். குடும்ப ஓய்வூதியம் முதல் ஏழு வருடம் கடைசிச் சம்பளத்தில் பாதி என்ற கணக்கில் வரும், அதன்பிறகு 30 சதவீதமாக இறங்கும். ஆணையில் அந்தத் தேதி அச்சடித்தே இருக்கும். யார் படிக்கிறார்கள்? எட்டாம் வருடம் முதல் மாதம் பாஸ்புக்கைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார். “நான் என்னங்க தப்பு பண்ணேன்?” விதியை எடுத்துச் சொன்னேன். தலையாட்டினார். அடுத்த மாதமும் வந்து அதையே கேட்டார். அதன்பிறகு ஏழு வருடம் முடியப்போகிறவர்களைப் பட்டியல் எடுத்து, ஆறு மாதம் முன்பே நேர்காணலில் சொல்லிவிடுவதை வழக்கமாக்கிக்கொண்டேன். அது என் வேலை இல்லைதான். ஆனாலும் அந்த அம்மா முகம் விடவில்லை.

பட்டதாரி ஆசிரியை:

சார், நீங்கள் எழுதியதை எல்லாம் நான் ஒரு வெளியூர்க்காரி மாதிரிதான் படிக்கிறேன். 2004இல் தொகுப்பூதியத்தில், அதாவது மாதம் ஒரு நிலையான தொகைக்குச் சேர்ந்தவள் நான். 2006 ஜூன் 1இல்தான் காலமுறை ஊதியத்துக்கு வந்தோம். அன்றிலிருந்து அடிப்படைச் சம்பளமும் அகவிலைப்படியும் சேர்ந்ததில் மாதம் 10 சதவீதம் பிடித்தம். 2003 ஏப்ரல் 1 முதல் தமிழ்நாடு அரசு வேலையில் சேர்ந்தவர்களுக்கெல்லாம் பங்களிப்பு ஓய்வூதியம் என்று ஆக்கிவிட்டார்கள். மத்திய அரசில் 2004 ஜனவரி 1 கோடு கிழித்தார்கள், நமக்கு அதற்கு ஒன்பது மாதம் முன்பே.

எங்கள் பள்ளியில் ஸ்டாஃப் ரூமில் ஒரே மேஜையில் எதிரெதிரே இருவர். ஒருவர் 2002இல் வந்தவர், மற்றவர் 2005. பாடம் ஒன்று, பீரியட் எண்ணிக்கை ஒன்று, தேர்வுத்தாள் கட்டுகூட ஒன்று. சீனியர் ரிடையர் ஆனபோது பணிக்கொடை, கம்யூடேஷன் (பென்ஷனில் ஒரு பகுதியை முன்கூட்டியே மொத்தமாக வாங்குவது), மாதாமாதம் பென்ஷன். ஜூனியருக்குப் பிடித்த பணமும் அரசு போட்ட பங்கும் வட்டியோடு ஒரே தொகையாக வந்தது. அதைத் தொகை என்று சொல்வதே தப்பு. வந்த வாரமே வீட்டுக் கடனை அடைத்தார், மகள் கல்யாணத்துக்கு எடுத்தார், மிச்சத்தைத் தம்பி தொழிலுக்குக் கேட்டான். இல்லை என்று சொல்ல முடியாத பணம் அது, எல்லோருக்கும் தெரிந்து வந்த பணம்.

ஒரு நாள் அந்த ஜூனியர் வீட்டுக்குப் போயிருந்தேன். மருந்துக்கடைக்குப் போக வேண்டும் என்று மருமகளிடம் காசு கேட்டார். கொடுத்தாள், முகம் கோணாமல்தான் கொடுத்தாள். ஆனால் “எவ்வளவு ஆகும் மாமா?” என்று கேட்டாள். வகுப்பில் ஒரு பார்வையில் அறுபது பிள்ளைகளை உட்கார வைத்தவர். பதில் சொல்லும்போது குரல் உள்ளே போய்விட்டது. திரும்பி வரும் பஸ்ஸில் எனக்கு எத்தனை வருடம் மிச்சம் என்று விரல்விட்டு எண்ணிக்கொண்டே வந்தேன்.

தனியார் கம்பெனி ஊழியர்:

கோபித்துக்கொள்ளாதீர்கள், ஒன்று கேட்கிறேன். என் அப்பா ஸ்பின்னிங் மில்லில் 26 வருடம் வேலை பார்த்தார். பி.எஃப். பென்ஷன் மாதம் 1,800 சொச்சம். அதற்கு அகவிலைப்படியே கிடையாது, செத்தாலும் ஏறாது. குறைந்தபட்சம் 1,000 ரூபாய் என்று 2014இல் வைத்தார்கள், அதுவே பெரிய சலுகை மாதிரி பேசினார்கள். பஞ்சு தூசி குடித்த நுரையீரலுக்கு ஒரு மாத இன்ஹேலர் அதில் பாதியைத் தின்றுவிடும். எங்கள் வரியில் உங்களுக்குப் பென்ஷன், எங்களுக்கு என்ன?

கருவூலத்துக்காரர்:

தம்பி, கோபமில்லை. இந்தக் கேள்வியை என் மச்சினனே கல்யாணப் பந்தியில் வைத்துக் கேட்டிருக்கிறான்.

ஆனால் உங்கள் அப்பாவுக்குக் குறைவாக வருகிறது என்பதற்கு மருந்து எங்களுடையதைக் குறைப்பது அல்ல, இல்லையா? எங்கள் ஊர் ஓய்வூதியர் சங்கச் செயலாளர் ஒருவர் இருந்தார். நகரா வழக்குத் தீர்ப்பின் ஜெராக்ஸை எப்போதும் கவரில் வைத்திருப்பார். 1982 டிசம்பர் 17, உச்ச நீதிமன்றத்தில் ஐந்து நீதிபதிகள் அமர்வு. ஓய்வூதியம் என்பது முதலாளி இஷ்டப்பட்டுத் தரும் கருணைத் தொகை அல்ல, செய்த வேலைக்கான உரிமை என்று சொன்ன தீர்ப்பு. டிசம்பர் 17ஐ ஓய்வூதியர் தினமாக இன்றும் கொண்டாடுகிறார்கள். யாராவது அதிகாரி “அரசு உங்களுக்குக் கொடுக்கிறது” என்று பேசினால் போதும், இவர் கவரைத் திறந்துவிடுவார். என் மேலதிகாரியிடமே ஒருமுறை இரண்டு பக்கம் நின்றபடி வாசித்தார். அறை முழுக்க வேலை நின்றுபோனது. எரிச்சலாகவும் இருந்தது, உள்ளூரக் கொஞ்சம் சந்தோஷமாகவும் இருந்தது. அந்த உரிமை மில் வாசலுக்கு உள்ளே நுழையவில்லை என்றால் அது மில் தொழிலாளி குற்றமில்லை.

சத்துணவு அமைப்பாளரின் மகள்:

உங்கள் இருவருக்கும் நடுவில் என் அம்மாவைக் கொண்டுவருகிறேன். சத்துணவு மையத்தில் 31 வருடம். அரசு ஊழியர் என்று ஊரில் பெயர், பட்டியலில் இடமில்லை. ரிடையர் ஆனபோது சிறப்பு ஓய்வூதியம் என்று மாதம் 2,000 ரூபாய்.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். அந்தப் பணத்தை அம்மா யாரிடமும் தருவதில்லை. ஏ.டி.எம். கார்டு ரவிக்கைக்குள். பேரன் பேத்திகள் பிறந்தநாளுக்கு ஆளுக்கு நூறு, மிச்சத்தை ஊர்ச் சீட்டில் போடுகிறார். அண்ணன் ஒருமுறை, “வீட்டுச் செலவு எல்லாம் நான்தானே பார்க்கிறேன், அதையும் சேர்த்துக்கலாமே” என்றான். “அது உன் பணம், இது என் பணம்” என்றார். என் அம்மா வாயிலிருந்து அப்படி ஒரு வாக்கியத்தை அதற்கு முன் நான் கேட்டதே இல்லை. அப்பா இருந்தவரை சம்பளக் கவரைப் பிரிக்காமல் அவரிடம் கொண்டுவந்து கொடுத்தவர் அம்மா.

பட்டதாரி ஆசிரியை:

ரவிக்கைக்குள் ஏ.டி.எம். கார்டு! என் சீனியரின் மனைவியிடம் இதைச் சொல்லப் போகிறேன்.

ஒரு சந்தேகம் சார். என் பெரியப்பா பழைய பென்ஷன்காரர், படுக்கையில் இருக்கிறார். நேர்காணலுக்கு எப்படி அழைத்துப்போவது?

கருவூலத்துக்காரர்:

அழைத்துப்போக வேண்டாம் அம்மா. போஸ்ட்மேன் வீட்டுக்கே வந்து கைரேகை வைத்து மின்னணு வாழ்நாள் சான்று எடுத்துக்கொள்வார். ஜீவன் பிரமாண் என்பார்கள், 2014இல் வந்தது. கட்டணம் 70 ரூபாய்தான். எங்கள் காலத்தில் அது இல்லாமல் ஒரு பெரியவரைக் கட்டிலோடு மினி லாரியில் ஏற்றிக்கொண்டு வந்தார்கள். நான் வெளியில் போய், லாரியில் ஏறி, அங்கேயே கையெழுத்து வாங்கினேன். வயதானவர்களுக்கு ரேகை தேய்ந்து மெஷின் எடுக்காமல் போகும், நாலைந்து விரலை மாற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். முகத்தைக் காட்டி எடுக்கும் வசதியும் இப்போது உண்டு.

அப்படியே பெரியப்பாவின் பி.பி.ஓ.வை எடுத்து, பெரியம்மா பெயர் ஆதாரில் இருப்பது போலவே இருக்கிறதா என்று பாருங்கள். பென்ஷன் பேப்பருக்கு ஜோடி போட்டோ கேட்போம். கல்யாணத்துக்குப் பிறகு அதுதான் இரண்டாவது போட்டோ என்று வெட்கப்பட்டுக்கொண்டே நீட்டுவார்கள். போட்டோ சரியாக இருக்கும், கீழே எழுதும் பெயரில்தான் கோட்டை விடுவார்கள். வீட்டில் கூப்பிடுகிற பெயரை எழுதிவிடுவார்கள். கணவர் போன பிறகு அந்த அம்மா தான்தான் அந்த அம்மா என்று நிரூபிக்க தாசில்தார் ஆபீசுக்கு நடக்க வேண்டியிருக்கும். அப்படி நடந்தவர்களை எண்ணி முடியாது.

பதினொரு வருடம் இதை ஊருக்கெல்லாம் சொன்னேன். போன மாதம் எதற்கோ என் சொந்த பி.பி.ஓ.வைப் புரட்டினேன். என் மனைவியின் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் நான் அவளைக் கூப்பிடும் பெயர் இருக்கிறது. என் கையெழுத்தில் நானே நிரப்பிய படிவம். வீட்டில் சொல்லவில்லை. திங்கட்கிழமை திருத்த மனுவோடு போனேன், பழைய செக்‌ஷனுக்கேதான். புதுப் பையன் ஒருவன் உட்கார்ந்திருந்தான், என்னைத் தெரியவில்லை. “வரிசையில வாங்க ஐயா” என்றான். முன்னால் நாலு பேர் இருந்தார்கள்.