பதில்: டிசம்பரில் தாஸ்மேனியா, அம்மாவால் நடக்க முடிகிற இடம்

எல்லோருக்கும் வணக்கம்.

மஸ்கட் தம்பி கேட்டிருந்தார், டிசம்பரில் மெல்போர்ன் வந்து அப்படியே மூன்று நாள் இங்கேயும் வருகிறோம், கூட அம்மா, மலை ஏறுகிற இடமெல்லாம் வேண்டாம், ஆனால் வந்ததற்குப் பார்த்தோம் என்று இருக்க வேண்டும் என்று. அவருக்குத் தனியாகப் பதில் போடத்தான் உட்கார்ந்தேன். எழுத எழுத நம்ம ஊர்ப் படிப்பகத்தில் பூச்சுப் பொரிந்து விழுகிற சுவர் விஷயமும் வந்து சேர்ந்துகொண்டது, அதனால் குழுவுக்கே அனுப்புகிறேன்.

ஈகிள்ஹாக் நெக் போங்கள். ஹோபார்ட்டிலிருந்து சொரெல், டனாலி வழியாகக் காரில் ஒரு மணி நேரம், கொஞ்சம் கூடவும் ஆகலாம். டனாலியில் கால்வாய் மேல் இருக்கிற பாலம் படகு வந்தால் திரும்பிக்கொள்ளும், மாட்டினால் வேடிக்கை பார்த்துக்கொண்டு நிற்க வேண்டியதுதான். அதற்கப்புறம் வருகிற மணல் கழுத்துதான் ஈகிள்ஹாக் நெக். இரண்டு பக்கமும் தண்ணீர், குறுகலான இடத்தில் 30 மீட்டர் அகலம்கூட இல்லை. அதைத் தாண்டினால் போர்ட் ஆர்தர், 1830 முதல் 1877 வரை பிரிட்டிஷ்காரர்கள் கைதிகளை வைத்திருந்த இடம். தப்பி வருகிறவன் இந்தக் கழுத்தைத்தான் கடந்தாக வேண்டும் என்பதால் குறுக்கே நாய்களைச் சங்கிலியில் வரிசையாகக் கட்டி, விளக்கும் வைத்துக் காவல் காத்தார்கள். ஒருவன் கங்காரு தோலைப் போர்த்திக்கொண்டு தத்தித் தத்திப் போனானாம், காவலர்களுக்குக் கறி ஆசை வந்து துப்பாக்கியைத் தூக்க, சுடாதீர்கள் நான்தான் என்று கையைத் தூக்கிவிட்டானாம். குழந்தைகளிடம் சொல்லுங்கள், வழியெல்லாம் சிரித்துக்கொண்டு வருவார்கள்.

நான் சொல்கிற இடம் இந்தக் கழுத்தின் வடக்குப் பக்கம், பைரேட்ஸ் பே ஓரத்தில். லுஃப்ரா ஓட்டல் பக்கத்தில் காரை நிறுத்திவிட்டு மரங்களுக்கு நடுவே கீழே இறங்கினால் பத்து நிமிடம், கடைசியில் படிகள். அங்கே கடல் மட்டத்தில் தட்டையாக ஒரு பாறைத்தளம் கிடக்கிறது, அளவெடுத்து வெட்டினது போல நீள்சதுரமும் சதுரமுமாகக் கோடுகள். டெசலேட்டட் பேவ்மென்ட் என்று பெயர். டைல்ஸ் ஒட்டின மாதிரி என்றுதான் எல்லோரும் எழுதுகிறார்கள், நானும் மூன்று வருடம் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

போன வருடம் பெரியப்பா வந்திருந்தார். உங்களில் பாதிப் பேருக்கு அவரைத் தெரியும், நாற்பது வருடம் உப்பளத்தில் பாத்தி மிதித்த கால். முட்டி வலி இருக்கிறதே, மேலேயே நின்று பார்ப்போமா என்று கேட்டதற்கு, "ராஜாஜி உப்பு எடுக்கத் திருச்சியிலேர்ந்து நம்ம வேதாரண்யத்துக்கு நடந்தே வந்தாரு, எனக்கு இந்தப் பத்து நிமிஷம் பெருசா" என்று வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கிவிட்டார். கீழே போய் நின்றார், கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. அப்புறம், "இது பாத்தி இல்லையாடா?" என்றார்.

பாத்தியேதான்! நான்கு பக்கமும் வரப்பு மாதிரி விளிம்பு எழும்பி நிற்க, நடுவில் குழிந்து, உள்ளே விரல் ஆழத்துக்குத் தண்ணீர். வரிசை வரிசையாக. காய்ந்துபோன ஒன்றின் ஓரத்தில் வெள்ளையாகப் பூத்திருந்ததைச் சுரண்டி நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டு, "இன்னும் காயணும்" என்றார், ஏதோ சாயங்காலம் வாரப்போகிற மாதிரி.

இந்தக் குழிவை வெட்டினதும் உப்புதானாம். இந்தப் பாறை கடலடி வண்டல் இறுகிக் கல்லானது, 25 கோடி வருடத்துக்கும் மேல் பழையது. பின்னால் பூமியின் அழுத்தத்தில் மூன்று திசையில் நேர் நேராக வெடிப்பு விட்டிருக்கிறது, கோடு வந்தது அதனால். கடல் வற்றுகிறபோது அதிக நேரம் காய்கிற பகுதியில், கல்லின் நுண்துளைக்குள் போன உப்புத்தண்ணீர் வற்றி, உள்ளே உப்புக்கல் வளர்ந்து, மணி மணியாகப் பாறையை உதிர்த்துவிடுகிறது. நடுப்பகுதி சீக்கிரம் கரைய, வெடிப்போரம் மட்டும் வரப்பாக நிற்கிறது. தண்ணீர் ஓரமாக, எப்போதும் நனைந்தே கிடக்கிற பகுதியில் கதை தலைகீழ். காயவே நேரமில்லாததால் உப்புக்கு அங்கே வேலை குறைவு, அலை கொண்டுவருகிற மணல் வெடிப்புகளை அறுத்து ஆழமாக்கிவிட, நடுப்பகுதி பன் ரொட்டி மாதிரி உப்பி நிற்கிறது. ஒரே பாறை, பத்தடி நகர்ந்தால் பாத்தி, இன்னும் பத்தடி போனால் ரொட்டி.

இதை நான் பலகையைப் படித்து விளக்கிக்கொண்டிருக்கும்போதே பெரியப்பா, "நம்ம வீட்டுச் சுவரு பொரிஞ்சு விழுவதே, அதானே?" என்று முடித்துவிட்டார். அதேதான். எனக்கு அதுவரை தோன்றவே இல்லை, வெட்கமாகத்தான் இருந்தது.

தம்பிக்கு இரண்டு விஷயம். கடல் வற்றுகிற நேரம் பார்த்துப் போங்கள், இணையத்திலேயே பட்டியல் கிடைக்கும். முதல் தடவை நான் மாமியார் வீட்டு ஆட்களைக் கூட்டிக்கொண்டு கடல் ஏறியிருந்த நேரத்தில் போய், பாறையே தெரியாமல் வெறும் தண்ணீரைக் காட்டிவிட்டு வந்தவன், இன்னமும் வீட்டில் சொல்லிக் காட்டுகிறார்கள். முடிந்தால் காலையில் போங்கள், கிழக்குப் பார்த்த கரை, பாத்தித் தண்ணீரில் வெயில் விழுவது தனி அழகு. இன்னொன்று செருப்பு. பாசி படிந்த இடம் சவுக்காரம் மாதிரி வழுக்கும், அம்மாவுக்குப் பிடிப்புள்ள ஷூ வாங்கிப் போட்டுவிடுங்கள், ரொட்டிப் பக்கம் போக வேண்டாம், பாத்திப் பக்கமே போதும். டிசம்பர் கோடைதான், ஆனாலும் காற்று குளிரும், ஸ்வெட்டர் வேண்டும்.

சரி, படிப்பகம். மூன்றாவது தடவையாக அடிச்சுவருக்குச் சிமென்ட் பூச எஸ்டிமேட் வந்திருக்கிறது, பணம் அனுப்பலாமா என்று சிங்கப்பூர் அண்ணன் கேட்டிருக்கிறார். அன்றைக்குப் பாறையில் உட்கார்ந்துகொண்டு பெரியப்பா சொன்னது இது: தரையிலிருந்து உவர்நீர் சுவரில் ஏறுகிறது, மேலே சிமென்ட் அப்பினால் உள்ளே நின்று காய்ந்து அந்தச் சிமென்ட்டையும் தள்ளிவிடும், போன இரண்டு தடவையும் அதுதான் நடந்தது. இடுப்புயரத்துக்குக் கொத்தி எடுத்துவிட்டு, முதலில் ஈரம் ஏறுவதற்கு வழி பார்த்துத் தடுத்து, அப்புறம் சுண்ணாம்புப் பூச்சுப் பூசச் சொல்கிறார். செலவு கூடத்தான் ஆகும். சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனார் நாகப்பட்டினம் பக்கம் யாராவது இருந்தால் இந்த மடலுக்குக் கீழேயே எழுதுங்கள், அதுவரை என் பங்கை நிறுத்தி வைத்திருக்கிறேன்.

தம்பி, நாளைச் சொன்னால் வற்றும் நேரம் நானே பார்த்துச் சொல்கிறேன். வருகிறபோது அம்மாவிடம் கொஞ்சம் கருவாடு கொடுத்துவிடச் சொல்ல ஆசைதான், ஆனால் இங்கே விமான நிலையத்தில் சாப்பாட்டுச் சாமான் சோதனை கடுமை. வெறுங்கையோடு வாருங்கள்.