பழைய மின்சாரக் கார்: பேட்டரியை எப்படிச் சோதிப்பது?

அனைவருக்கும் வணக்கம். எங்கள் குடும்பத்தின் முதல் காராக, பிறர் பயன்படுத்திய சிறிய மின்சாரக் கார் ஒன்றை வாங்க விரும்புகிறோம். என் அன்றாடப் பயணம் 40 கிலோமீட்டரைத் தாண்டுவதில்லை. காரை அந்தஸ்தின் அடையாளமாகப் பார்க்கும் பழக்கத்தால்தான் இத்தகைய எளிய வண்டிகள் உரிய கவனத்தைப் பெறுவதில்லை என்பது என் உறுதியான கருத்து.

என் தயக்கமெல்லாம் பேட்டரியைப் பற்றியதே. 2010-இல் விற்பனைக்கு வந்த நிசான் லீஃப் காரின் பேட்டரிக்குத் திரவக் குளிர்விப்பு இல்லை என்பதையும், வெப்பம் மிகுந்த பகுதிகளில் அதன் கொள்ளளவு விரைவாகக் குறைந்தது என்பதையும் படித்தபின், ஓடிய தூரத்தை மட்டும் பார்த்து முடிவெடுக்கக் கூடாது என்று உணர்ந்தேன். சென்ற வாரம் பார்த்த காரில், முழு சார்ஜில் திரை காட்டிய தூரத்தையே விற்பவர் சான்றாகக் காட்டினார். அது அண்மையில் ஓட்டிய விதத்தைப் பொறுத்து மாறும் மதிப்பீடு என்பதால் எனக்கு நிறைவளிக்கவில்லை.

காரின் உள் கணினித் தரவுகளைப் படித்துக் காட்டும் ஓபிடி (OBD) கருவியைப் பொருத்திப் பேட்டரியின் எஞ்சிய கொள்ளளவை அறிந்தவர்கள் இங்கு இருக்கிறீர்களா? அந்த அளவீடு நடைமுறையில் கிடைத்த தூரத்தோடு ஒத்துப்போனதா? உத்தரவாதத்தை இரண்டாம் உரிமையாளராக உங்கள் பெயருக்கு மாற்றிய அனுபவம் இருந்தால், அதையும் தயவுசெய்து பகிருங்கள்.