ஈஸ்டருக்கு பீனட் பட்டர் சாக்லேட் முட்டை: போன வருடம் சொதப்பிவிட்டேன், இந்த முறை யாராவது கைகொடுங்கள்

நிலாச்சோறு:

எல்லோருக்கும் வணக்கம். ஈஸ்டருக்கு இன்னும் பத்தே நாள்தான். தவக்காலம் முழுக்க இனிப்பைத் தொடமாட்டேன் என்று என் மூத்தவள் தானாகவே முடிவெடுத்தாள். ஒன்பது வயதுதான், ஆனால் இன்று வரை வாக்குத் தவறவில்லை. அவளுக்காகவாவது இந்த முறை உருப்படியாக ஏதாவது செய்ய வேண்டும்.

போன வருடக் கதையைச் சொல்லிவிடுகிறேன், அப்போதுதான் எங்கே தப்பு என்று உங்களால் சொல்ல முடியும். கடையில் வாங்கிய சாக்லேட் முட்டையின் உறையைத் திருப்பிப் பார்த்தால் முதல் பெயரே சர்க்கரை. எரிச்சலாகி, நாமே நல்லதாகச் செய்வோம் என்று இறங்கினேன். முதலில் டார்க் சாக்லேட்டை உருக்கி, இனிப்புக்கு இரண்டு கரண்டி தேன் ஊற்றினேன். அரை நிமிடத்தில் மொத்தமும் இறுகி, எண்ணெய் தனியாகக் கசிந்து, மண் குழைத்த மாதிரி ஆகிவிட்டது. கிண்டிய கரண்டி அதிலேயே நட்டமாக நின்றது.

அடுத்து தேங்காய் எண்ணெய், கோகோ பவுடர், தேன் மூன்றையும் கலந்து மேல்பூச்சு செய்தேன். ஃபிரிட்ஜிலிருந்து எடுக்கும்போது பளபளவென்று இருந்தது. எனக்கே பெருமை தாங்கவில்லை. பிள்ளைகள் தேடி எடுக்கட்டும் என்று வீடெங்கும் ஒளித்து வைத்தேன். அவர்கள் தேடி முடிப்பதற்குள் பாதி உருகிவிட்டது. சோபா உறையில் இன்னும் ஒரு கறை இருக்கிறது. என் கணவர் அதை நினைவுச்சின்னம் என்கிறார். உள்ளே வைத்த பூரணத்தை ருசி பார்த்த சின்னவன், "அம்மா, இது மருந்தா?" என்று கேட்டான். அதற்கு மேல் என்ன சொல்ல.

இந்த முறை சர்க்கரை குறைவாக இருக்க வேண்டும், கையில் எடுத்தால் உருகக் கூடாது, மருந்து மாதிரியும் இருக்கக் கூடாது. மூன்றும் சேர்ந்து நடக்குமா? பீனட் பட்டரையும் வீட்டிலேயே அரைக்கலாமா? மொத்தம் ஒன்பது பிள்ளைகள் வருகிறார்கள்.

கோகோகிறுக்கன்:

அக்கா, மூன்றும் நடக்கும். முதலில் போன வருடம் என்ன ஆனது என்று சொல்கிறேன்.

சாக்லேட் என்பது கொழுப்பில் மிதக்கும் சர்க்கரைத் துகளும் கோகோத் துகளும்தான். அதில் கொஞ்சம் தண்ணீர் பட்டால் போதும், சர்க்கரை அதை உறிஞ்சிப் பிசுபிசுத்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். தேனிலும் தண்ணீர் இருக்கிறது, கிட்டத்தட்ட ஐந்தில் ஒரு பங்கு. அதனால்தான் இறுகியது. ஈரக் கரண்டி, பாத்திரத்தின் ஆவி, எல்லாம் இதே வேலையைச் செய்யும். அப்படி இறுகியதைக் கொட்ட வேண்டாம். சூடான பால் சேர்த்து நன்றாக அடித்தால் சாஸ் ஆகிவிடும்.

இரண்டாவது, தேங்காய் எண்ணெய் 24 டிகிரியிலேயே உருகத் தொடங்கிவிடும். பிள்ளைகளின் கை அதைவிடச் சூடு. சாக்லேட்டில் இருக்கும் கொழுப்பு கோகோ வெண்ணெய், அது சரியாகப் படிகமானால் 34 டிகிரி வரை தாங்கும். அதாவது விரலில் உடனே உருகாது, வாயில் போட்டதும் உருகும். சாக்லேட்டின் மொத்த மந்திரமும் அந்தச் சின்ன இடைவெளியில்தான் இருக்கிறது. இன்னொன்று, தேங்காய் எண்ணெயை ஆரோக்கியம் என்று சேர்க்கிறார்கள், ஆனால் அதில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் நிறைவுற்ற கொழுப்பு. வெண்ணெயைவிட அதிகம்.

இனிப்பைப் பற்றியும் சொல்ல வேண்டும், கோபிக்காதீர்கள். தேன் ஊற்றுவதால் சர்க்கரை குறைவதில்லை. உலக சுகாதார நிறுவனம் 2015-இல் வெளியிட்ட வழிகாட்டுதலில் தேனையும் சர்க்கரையோடு ஒரே கணக்கில்தான் வைத்திருக்கிறது. பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 25 கிராமுக்குள் இருந்தால் நல்லது என்பது அதன் கணக்கு. சர்க்கரையைக் குறைக்க எளிய வழி சாக்லேட்டை மாற்றுவது. மில்க் சாக்லேட்டில் ஏறக்குறைய பாதி சர்க்கரை. 70 சதவீதம் கோகோ உள்ள டார்க்கில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. பூரணத்தில் இனிப்புக்குப் பேரீச்சம்பழம் போதும், அதிலாவது நார்ச்சத்து மிஞ்சும்.

நான் செய்யும் அளவு இது: வெறும் கடலை மட்டும் அரைத்த பீனட் பட்டர் 200 கிராம், கொட்டை நீக்கிய மென்மையான பேரீச்சம்பழம் 100 கிராம், வெறும் வாணலியில் வாசம் வரும்வரை வறுத்துப் பொடித்த ஓட்ஸ் 50 கிராம், கால் டீஸ்பூன் உப்பு. பழத்தை ஊறவைக்காதீர்கள், அப்படியே அரையுங்கள். எல்லாவற்றையும் பிசைந்தால் சப்பாத்தி மாவைவிடக் கொஞ்சம் கெட்டியாக வரும். எண்ணெய் பிரிந்தால் இன்னொரு கரண்டி ஓட்ஸ். 24 முட்டைகளாக உருட்டி, ஃபிரிட்ஜில் அரை மணி நேரம் வையுங்கள். ஃப்ரீசரில் வைக்காதீர்கள். உள்ளே கல்லாக உறைந்திருந்தால், அது பிறகு சூடேறி விரியும்போது மேல்பூச்சு வெடித்துவிடும். மருந்து மாதிரி இருந்தது என்கிறீர்களே, அதில் உப்பு போட்டீர்களா? போட்டிருக்க மாட்டீர்கள் என்று பந்தயம் கட்டுகிறேன்.

மேலே பூச 170 கிராம் சாக்லேட் செலவாகும், ஆனால் 250 கிராம் எடுத்துக்கொள்ளுங்கள், முக்கி எடுக்க ஆழம் வேண்டும். பொடியாக நறுக்கி, மூன்றில் இரண்டு பங்கை வெந்நீர்ப் பாத்திரத்தின் மேல் வைத்து உருக்குங்கள், கிண்ணத்தின் அடி தண்ணீரைத் தொடக் கூடாது. 45 முதல் 50 டிகிரி வந்ததும் இறக்கி, அடியில் உள்ள ஈரத்தைத் துடைத்துவிட்டு, மீதி மூன்றில் ஒரு பங்கைப் போட்டுக் கிண்டிக்கொண்டே இருங்கள். 31, 32 டிகிரிக்கு இறங்கியதும் முக்குங்கள். புதிதாகப் போட்ட துண்டுகளில் இருக்கும் நல்ல படிகம் மற்றதற்கும் வழிகாட்டும், தயிருக்கு உறை ஊற்றுவது போலத்தான். கத்தி முனையில் தொட்டு வைத்துப் பாருங்கள். ஐந்து நிமிடத்தில் பளபளப்பாக இறுகினால் சரி. திட்டுத்திட்டாக இருந்தால் இன்னும் கிண்ட வேண்டும்.

பழையடப்பா:

பண்டிகை ஒரு நாள். அன்றைக்குமா தராசு? பிள்ளைகள் கேட்பதை வாங்கிக் கொடுத்துவிட்டு மறுநாளிலிருந்து ஒழுங்காகச் சாப்பிடச் சொல்லுங்கள். எங்கள் வீட்டில் அப்படித்தான், யாருக்கும் எதுவும் ஆகவில்லை.

சரி, வந்ததற்கு உருப்படியாக ஒன்று சொல்லிவிட்டுப் போகிறேன். சர்க்கரைக்குப் பதில் என்று விற்கும் பொடிகளைப் போடாதீர்கள். மால்டிட்டால் கொஞ்சம் அதிகமானால் பிள்ளைகள் கழிவறையே கதி என்று இருப்பார்கள், அனுபவம் பேசுகிறது. எரித்ரிட்டால் ஆறியதும் நறநறக்கும். வீட்டில் நாய் இருந்தால் சைலிட்டால் கலந்த எதையும் உள்ளேயே கொண்டுவராதீர்கள், சிறிதளவே அதன் உயிருக்கு ஆபத்து. நாய்க்கு சாக்லேட்டும் விஷம்தான், அதிலும் டார்க் இன்னும் மோசம். வீடெங்கும் ஒளித்து வைக்கும்போது எண்ணி வையுங்கள்.

அம்மிக்கல்:

பீனட் பட்டர் கேள்வியை யாரும் தொடவில்லையே. தாராளமாக வீட்டில் அரைக்கலாம் சகோதரி, வேறு எதுவும் சேர்க்கவே வேண்டாம். கடலையில் பாதி எண்ணெய்தான், கால் பங்கு புரதம்.

கடலையைப் பரப்பி ஒவ்வொன்றாகப் பார்த்துப் பொறுக்குங்கள். பூஞ்சை பிடித்தது, நிறம் மாறியது, சுருங்கியது, கசக்கிறது எதுவும் வேண்டாம். பூஞ்சை விடும் அஃப்ளடாக்சின் கல்லீரலுக்குக் கெடுதல், வறுத்தாலும் முழுவதும் போகாது. இந்த ஒரு வேலையில் மட்டும் சோம்பல் படாதீர்கள்.

அப்புறம் ஓவனில் 160 டிகிரியில் பதினைந்து இருபது நிமிடம், அல்லது அடிகனமான வாணலியில் சிறு தீயில். இளஞ்சூட்டில் துணியில் போட்டுத் தேய்த்தால் தோல் வந்துவிடும். மிக்ஸியில் முதலில் பொடியாகும், பிறகு ஒட்டிக்கொண்டு உருண்டையாகும். இங்கேதான் எல்லோரும் பயந்து தண்ணீர் ஊற்றிக் கெடுப்பது. ஊற்றாதீர்கள். மிக்ஸிக்கு ஓய்வு கொடுத்துக் கொடுத்து, ஓரத்தை வழித்துவிட்டு ஓட்டுங்கள். ஒரு கட்டத்தில் சட்டென்று எண்ணெய் விட்டு இளகி ஓடும். அந்த நிமிடத்தைப் பார்க்கத்தான் நான் இன்னமும் வீட்டில் அரைக்கிறேன்.

முழுக்க ஆறவிட்டுத்தான் பிசைய வேண்டும். ஒரு கேள்வி: வருகிற ஒன்பது பிள்ளைகளில் யாருக்காவது கடலை ஒவ்வாமை உண்டா? அவர்கள் வீட்டில் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். இருந்தால் இந்த முட்டையே வேண்டாம், தனியாக ஒன்று செய்து தருகிறேன் என்பதும் சரிவராது. ஒரே மிக்ஸி, ஒரே கரண்டி.

நிலாச்சோறு:

அம்மிக்கல் அக்கா, அந்தக் கேள்வி என் மண்டையில் உதிக்கவே இல்லை. எட்டு வீட்டிலும் கேட்டுவிட்டேன், யாருக்கும் இல்லை. நன்றி. பழையடப்பா சார், நாய் இல்லை, ஆனால் கணவர் இருக்கிறார்.

நேற்று ஒத்திகை பார்த்தேன். கடலை பொறுக்கவே முக்கால் மணி நேரம், ஒரு கைப்பிடி கழிந்தது. அந்த உருண்டை கட்டத்தில் என் கை தண்ணீர்ச் சொம்பு வரை போய்விட்டது, நீங்கள் சொன்னது ஞாபகம் வந்து திரும்பியது. பிறகு இளகி ஓடியபோது நானும் "அட!" என்றேன்.

கிறுக்கன் தம்பி, பந்தயத்தில் நீங்கள்தான் ஜெயித்தீர்கள். உப்பு போடவே இல்லை போன முறை. இனிப்பில் எதற்கு உப்பு என்று விட்டிருந்தேன். இந்த முறை போட்டதும் அதே கடலை, அதே பழம், ஆனால் வேறு பண்டம் மாதிரி இருக்கிறது. தெர்மாமீட்டர் வாங்கினேன். முதல் ஈடு அவசரப்பட்டு 36 டிகிரியில் முக்கியதால் மறுநாள் சாம்பல் பூத்துவிட்டது. மிச்சத்தை மறுபடி உருக்கி 32-க்கு வரும்வரை கிண்டினேன், தோள்பட்டை கழன்றது, பளபளப்பு வந்தது. பாதி நன்றாக, பாதி பூத்துப்போய். பூத்தது சாப்பிட ஒன்றும் ஆகாதுதானே? எத்தனை நாள் வைக்கலாம்?

கோகோகிறுக்கன்:

ஒன்றும் ஆகாது அக்கா, அழகுதான் போச்சு. கொழுப்பு மேலே வந்து படிவதுதான் அந்தச் சாம்பல். ஒரு வாரத்துக்குள் முடித்துவிடுங்கள். கடலை எண்ணெய் மெல்ல மேல்பூச்சுக்குள் ஏறி அதையும் இளக்கிவிடும். ஃபிரிட்ஜில் வைத்தால் மூடிய டப்பாவில் வைத்து, வெளியே எடுத்ததும் உடனே திறக்காதீர்கள். டப்பா அறைச் சூட்டுக்கு வரட்டும், இல்லாவிட்டால் வேர்த்து மறுபடி வெள்ளை பூக்கும்.

இன்னொன்று, கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஒரு முட்டைக்குப் பழத்தையும் சேர்த்து சர்க்கரை 5 கிராம்தான், ஆனால் கலோரி 110 வரும். கடலையும் சாக்லேட்டும் லேசான பொருள் இல்லை. ஆரோக்கியமானது என்று யாராவது நான்கு சாப்பிட்டால் ஒரு வேளைச் சாப்பாடு உள்ளே போன மாதிரிதான். ஆளுக்கு இரண்டு என்று சொல்லிவிடுங்கள்.

நிலாச்சோறு:

சொல்ல வேண்டிய ஆளிடம் சொல்ல நேரம் கடந்துவிட்டது. நேற்று இரவு டப்பாவில் 24 எண்ணி வைத்தேன். இன்று காலை 19. சின்னவனுக்கு அந்த அலமாரி எட்டாது. மூத்தவள் டப்பாவைத் திறந்து மோந்து பார்த்துவிட்டு, "இன்னும் எட்டு நாள்" என்று மூடி வைத்தாள், நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். நினைவுச்சின்னம் பற்றிப் பேசுகிறவர் மட்டும் இன்று காலை உணவு வேண்டாம் என்று சொல்லிவிட்டு வேலைக்குப் போயிருக்கிறார்.