புதுப்பிப்பு: ஃபோர் லோவில் நிற்காத லீவர் சரியாகிவிட்டது

பழைய ஃபோர் வீல் டிரைவ் டிரக்கில் டிரான்ஸ்ஃபர் கேஸ் (எஞ்சின் இழுவையை முன், பின் சக்கரங்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் பெட்டி) லீவர் கொளகொளவென்று ஆடுகிறது, ஃபோர் லோ (நான்கு சக்கரமும் மெதுவாக, அதிக இழுவையோடு சுற்றும் நிலை) போட்டால் தானே கழன்றுவிடுகிறது என்று கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

கை கொடுத்தது, "கேஸைப் பிரிக்காதே, முதலில் லீவரையும் கேஸையும் இணைக்கும் ராடைக் கழற்றிப் பார்" என்ற யோசனைதான். கழற்றிவிட்டு, கேஸில் ராட் மாட்டியிருந்த சிறு கையை நேரடியாகத் தள்ளினேன். ஒவ்வொரு நிலையிலும் 'டக்'கென்று உட்கார்ந்தது. உள்ளே கியரை நகர்த்தும் ஷிஃப்ட் ஃபோர்க் தேய்ந்திருக்கும் என்று நான் பயந்தது வீண். (கேஸ் நியூட்ரலில் இருந்தால் கியர் போட்டிருந்தாலும் வண்டி உருளும். சக்கரத்துக்குக் கட்டை வைக்காமல் அடியில் போகாதீர்கள்.)

இணைப்பில் பின் ஆடாமல் பிடிக்கும் வளையங்களான நைலான் புஷ் இரண்டும் பொடிப்பொடியாக இருந்தன. புது புஷ், புது பின், அது கழலாமல் தடுக்கும் புது ஸ்ப்ளிட் பின் போட்டேன். ஆட்டம் பாதிதான் குறைந்தது!

எதிர்பாராதது இதுதான்: புஷ் இல்லாமலே பல காலம் ஓடியதில் புஷ் உட்காரும் பிராக்கெட்டின் துளை முட்டை வடிவத்துக்குத் தேய்ந்திருந்தது. அதில் எந்த புஷ்ஷும் நிற்காது. வெல்டிங்கில் அடைத்து மறுபடி துளை போட்ட பிறகுதான் லீவர் இறுகியது.

கடைசியாக ராடின் நீளம். கேஸையும் லீவரையும் ஃபோர் லோவில் வைத்து, இணைப்புப் பின்னைத் தட்டாமலே அது தானாக நுழையும்வரை ராடைத் திருகி, அந்த நீளம் மாறாமல் பிடிக்கும் லாக் நட்டை இறுக்கினேன். இதை விட்டிருந்தால் கியர் முழுசாக விழாமல் மறுபடி கழன்றிருக்கும். இப்போது மேட்டிலும் கழலவில்லை.