இதய அறுவைக்குப் பின் குழந்தையின் உடல் வீங்குவது ஏன்?

கேள்வி:
வணக்கம். ஐந்து மாதமான என் மகளுக்கு இதயத்தில் இருந்த ஓட்டையை அடைத்து இரண்டு நாள் ஆகிறது. அறுவை நல்லபடியாக முடிந்தது என்கிறார்கள். ஆனால் ஐசியூவில் பார்த்தபோது கண் திறக்க முடியாத அளவுக்கு முகம் வீங்கியிருந்தது, காய்ச்சலும் அடிக்கிறது. பம்ப்பில் போட்டதால் வந்த அழற்சி, தொற்றுக்கு அறிகுறி இல்லை என்று மருத்துவர் சொன்னார். கிருமியே இல்லாமல் அழற்சி எப்படி வரும்? ஸ்டீராய்டு கொடுத்துத் தடுத்திருக்க முடியாதா?

பதில் 1:
சகோதரி, நீங்கள் சொல்லும் பம்ப், அதாவது அறுவையின்போது இதயத்துக்கும் நுரையீரலுக்கும் பதிலாக வேலை செய்யும் இதய-நுரையீரல் இயந்திரத்தை இயக்குவதுதான் என் வேலை. இரத்தக் குழாயின் உட்சுவரைத் தவிர வேறெதையும் தொட்டறியாத இரத்தம், பிளாஸ்டிக் குழாய்களிலும், இரத்தத்தில் ஆக்சிஜன் ஏற்றும் ஆக்சிஜனேட்டரிலும் பாயும்போது, அதை அந்நியப் பொருளாகவே எடுத்துக்கொள்கிறது. உறைதல் காரணிகளும், கிருமிகளைத் தாக்க உதவும் காம்ப்ளிமென்ட் புரதங்களும், வெள்ளணுக்களும் ஒருசேரக் கிளம்பி, அழற்சியைத் தூண்டும் சைட்டோகைன்கள் பெருகி, நுண்ணிய இரத்தக் குழாய்கள் கசியத் தொடங்குகின்றன. அந்த நீர்தான் முகத்தில் தெரிகிறது. நிறுத்திவைத்த இதயத்துக்கு இரத்தம் திரும்பும் நேரத்திலும் இதே எதிர்வினை ஒருமுறை கிளறப்படுகிறது.

குழந்தைகளுக்கு இது கடுமையாவதற்கு அளவும் ஒரு காரணம். ஐந்து கிலோ குழந்தையின் உடலில் ஏறத்தாழ 400 மில்லி இரத்தமே இருக்கும். இயந்திரக் குழாய்களை நிரப்பவோ சில நூறு மில்லி திரவம் வேண்டும். ஐந்து லிட்டர் இரத்தமுள்ள பெரியவருக்கு இது பொருட்டே அல்ல. மிகையான நீரை அறுவையின் முடிவிலேயே வடிகட்டி எடுக்கும் முறையை, 1990களின் தொடக்கத்தில் லண்டன் கிரேட் ஆர்மண்ட் ஸ்ட்ரீட் மருத்துவமனைக் குழு வெளியிட்டது. இன்று பல இடங்களில் அதைச் செய்கிறோம்.

பதில் 2:
ஸ்டீராய்டு பற்றி, குழந்தைகள் ஐசியூ மருத்துவராகச் சொல்கிறேன். அமெரிக்காவில் ஒரு வயதுக்குட்பட்ட 1200 குழந்தைகளிடம் மெத்தில்பிரெட்னிசலோன் என்ற ஸ்டீராய்டைச் சோதித்த ஆய்வின் முடிவு 2022இல் வந்தது. மருந்து பெற்றவர்கள் மேலாகத் தேறினார்கள் என்று அதில் உறுதிப்படவில்லை. இன்சுலின் தேவைப்படும் அளவுக்குச் சர்க்கரை ஏறியதோ அவர்களிடம்தான் அதிகம். இது குறித்த விவாதம் இன்னும் ஓயவில்லை என்றாலும், கொடுக்காமல் விட்டதைத் தவறு என்று நான் கருதமாட்டேன்.

இரத்தத்தில் அழற்சியைக் காட்டும் புரதமான சிஆர்பியின் அளவு, அறுவைக்குப் பின் இரண்டாம் மூன்றாம் நாளில் எல்லாக் குழந்தைகளுக்கும் உயரும். அதை மட்டும் பார்த்துத் தொற்று என்று முடிவு செய்ய இயலாது. தணிந்த காய்ச்சல் மறுபடி வந்தால்தான் எங்கள் சந்தேகம் வலுக்கும். சிறுநீர் எவ்வளவு போகிறது, திசுக்களுக்குப் போதிய ஆக்சிஜன் கிடைக்காதபோது இரத்தத்தில் ஏறும் லாக்டேட் இறங்குகிறதா என்று நாளைக்குக் கேளுங்கள்.

கேள்வி கேட்டவர்:
இருவருக்கும் மனமார்ந்த நன்றி. இன்று காலை கேட்டேன்: லாக்டேட் இறங்கிவிட்டது, சிறுநீர் நன்றாகப் போகிறது. இடது கண்ணைப் பாதி திறந்து என்னைப் பார்த்தாள்.