கீழே விழுந்த பிறகு யோயோ ஆடுகிறது: அச்சா, பேரிங்கா, உடம்பா?

கேள்வி: நூல்சுற்றி

வணக்கம். அலுமினிய யோயோ, விட்டம் 56 மி.மீ. பேரிங் உள்ள ரகம். சுண்டினால் திரும்பாது, பைண்ட் போட்டால்தான் (நூலை மடித்து இடுக்கில் கொடுத்துச் சிக்கவைத்தால்தான்) கைக்கு வரும். இடுப்பு உயரத்திலிருந்து சிமெண்டுத் தரையில் விளிம்பு பட விழுந்தது. விழுந்த இடத்தில் நகம் மாட்டும் அளவுக்கு ஒரு நசுங்கல். அதிலிருந்து, வேகமாகச் சுற்றும்போது விளிம்பு இரட்டைக் கோடாகத் தெரிகிறது, நூலில் விர்ரென்று அதிர்வு, சீக்கிரமே நின்றும் விடுகிறது. நசுங்கலை உப்புத்தாளால் தேய்த்தால் போதுமா? இல்லை, எடையைச் சமன்செய்ய எதிர்ப்பக்கத்திலும் தேய்க்க வேண்டுமா?

பதில்: கடைசல்

எதிர்ப்பக்கத்தைத் தொடவே தொடாதீர்கள். நசுங்கிய இடத்தில் உலோகம் ஒதுங்கியிருக்கிறது, குறையவில்லை. அதனால் எடை பெரிதாக மாறாது. நீங்கள் தேய்த்தால்தான் மாறும். விரலைக் கிழிக்கிற பிசிறு நீட்டிக்கொண்டிருந்தால் அதை மட்டும் 600 நம்பர் உப்புத்தாளால் நாலு இழுப்பு இழுத்து எடுங்கள், அவ்வளவுதான்.

கண்ணுக்குத் தெரிகிற ஆட்டம் பெரும்பாலும் நடுவிலிருந்து வரும். கணக்கு எளிது: ஒரு பாதி அரை டிகிரி சாய்ந்தாலே, 28 மி.மீ. தள்ளியிருக்கும் விளிம்பு கால் மி.மீ. விலகிவிடும். சைக்கிள் கடையில் கோட்டம் என்பார்களே, அதேதான்.

செலவில்லாத சோதனையிலிருந்து ஆரம்பியுங்கள். இரு பாதிகளையும் திருகிப் பிரித்து, பேரிங் உட்காரும் மேட்டை வெளிச்சத்தில் பாருங்கள். விழுந்த வேகத்தில் நூல் உள்ளே போய், பேரிங்குக்கும் மேட்டுக்கும் இடையில் ஒரு இழை மாட்டியிருந்தாலே இப்படி ஆடும். துடைத்துவிட்டு பேரிங்கைக் கட்டைவிரலால் நேராக, அடிவரை அழுத்துங்கள். அது கழற வரவில்லை என்றால் வெளிவளையத்தை பிளையரால் கவ்வாதீர்கள், குண்டுகள் ஓடும் பாதை கெட்டுவிடும். அச்சை எடுத்த பிறகு கால் அங்குல டிரில் பிட்டின் பின்முனையைத் துளையில் நுழைத்து, லேசாகச் சாய்த்தபடி இழுத்தால் வந்துவிடும்.

அடுத்து அச்சு. அதைக் கண்ணாடி மேல் வைத்து விரல் நுனியால் மெதுவாக உருட்டுங்கள். கண்ணை மேசை மட்டத்துக்குக் கொண்டுபோய்ப் பாருங்கள். அடியில் தெரியும் வெளிச்சக் கோடு விரிந்து சுருங்கினால் அச்சு வளைந்திருக்கிறது. வளைந்த அச்சை நிமிர்த்த வேண்டாம். புதிதே சில ரூபாய்தான்.

நூல்சுற்றி

இழை எதுவும் இல்லை. அச்சு ஒரு பாதியில் இறுகிக் கிடக்கிறது, எல்-கீ வழுக்குகிறது. எந்த அளவு கீ?

பதில்: கடைசல்

எம்4 கிரப் ஸ்க்ரூவாக (4 மி.மீ. தடிமன், தலையில்லாத திருகு) இருந்தால் 2 மி.மீ. கீ. வழுக்குகிறது என்றால் தொழிற்சாலையிலேயே மரையில் லாக்டைட் (மரை கழலாமல் பிடிக்கும் பசை) போட்டிருப்பார்கள். மேலும் முறுக்கினால் ஆறுமூலைத் துளை உருண்டுவிடும். முதலில் பேரிங்கையும், அதைச் சுற்றி நூலைப் பற்றுவதற்காக இருக்கும் ரப்பர் வளையத்தையும் எடுத்துவிடுங்கள். சூடான சால்டரிங் அயர்னை அச்சின் நுனியில் ஒரு நிமிடம் வைத்தால் பசை இளகும், சூடு ஆறுவதற்குள் திருகிவிட வேண்டும். துளை ஏற்கெனவே உருண்டிருந்தால், வெளியே நீட்டியிருக்கும் மரையில் இரண்டு எம்4 நட்டைப் போட்டு, ஒன்றோடு ஒன்று இறுக்கி, உள்நட்டை ஸ்பானரால் திருப்புங்கள். அச்சும் கூடவே வரும்.

கடையில் “எம்4 அலென் கிரப் ஸ்க்ரூ, எஸ்.எஸ்.” என்று கேளுங்கள். மரை இடைவெளி 0.7 மி.மீ.; நீளம் பழையதை அளந்து அதே அளவு. பழைய அமெரிக்க யோயோ சிலவற்றில் 8-32 என்ற அங்குலக் கணக்கு மரை இருக்கும். அதில் எம்4 ஒரு சுற்று போகும், பிறகு இறுகும். அங்கேயே நிறுத்திவிடுங்கள், பலமாகத் திருகினால் அலுமினிய மரை போச்சு.

நூல்சுற்றி

வந்துவிட்டது. கண்ணாடியில் உருட்டினால் நன்றாகவே துள்ளுகிறது. 10 மி.மீ. அச்சு, புதிது வாங்கிப் போட்டேன். இரட்டைக் கோடு போய்விட்டது. ஆனால் சுற்றும்போது விளிம்பில் நகத்தை வைத்தால் இன்னும் அதிர்வு தெரிகிறது.

பதில்: எட்டுமுடிச்சு

பெரிய வேலை முடிந்தது. மிச்சத்தை நுணுக்கமாகத்தான் குறைக்க வேண்டும். அச்சை ஒரு பாதிக்குள் கால் சுற்று கூடுதலாக இறக்கிப் பூட்டிப் பாருங்கள். பிறகு இன்னொரு கால் சுற்று. அப்புறம் தலைகீழாக மாற்றி. எந்த நிலையில் அதிர்வு குறைகிறதோ அங்கே விடுங்கள். அச்சு இரு பாதிக்குள்ளும் ஏறக்குறைய சமமாகப் போக வேண்டும். ஒரு பக்கம் மூன்று மரை மட்டும் கவ்வினால் அடுத்த இறுக்கலில் அந்தப் பக்கம் உருவிக்கொண்டு வந்துவிடும்.

இப்படிச் செய்தால் இரு பாதிகளும் எதிரெதிராக நிற்கும் கோணமும் மாறும் என்று பலர் நினைக்கிறார்கள். மாறாது. மார்க்கரில் இரு விளிம்பிலும் ஒரு புள்ளி வைத்துப் பாருங்கள், அச்சு எங்கே இருந்தாலும் புள்ளிகள் அதே இடத்தில்தான் வந்து நிற்கும். ஒரு பக்கம் எத்தனை சுற்று கூடுகிறதோ, மறுபக்கம் அத்தனை குறைகிறது. அந்தக் கோணத்தை மாற்ற வேண்டுமானால் பேரிங்கின் அகலம் மாற வேண்டும். 0.1 மி.மீ. வித்தியாசத்துக்கே சுமார் 51 டிகிரி திரும்பும். அதனால் வேறு கம்பெனி பேரிங் போட்டதும் யோயோ திடீரென்று மிருதுவாவது உண்டு. உங்கள் பேரிங் சி சைஸ் என்றால் உள்விட்டம் 6.35, வெளிவிட்டம் 12.7, அகலம் 4.76 மி.மீ.; ஆர்188 என்று கேட்டு, அகலத்தை அளந்து வாங்குங்கள். விரலில் சுற்றும் ஃபிட்ஜெட் ஸ்பின்னரில் வரும் 608 பேரிங் பொருந்தாது.

விழுந்ததில் பேரிங்கும் அடி வாங்கியிருக்கலாம். பென்சில் முனையில் மாட்டிச் சுண்டுங்கள். கரகரவென்று ஒரே இடத்தில் தடுக்கினால் மூடியை எடுத்து, ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் ஊறவைத்து, உலர்த்தி, குண்டூசி முனையளவு மெல்லிய எண்ணெய் விடுங்கள். அதற்குப் பிறகும் தடுக்கினால் பாதையில் பள்ளம் விழுந்திருக்கிறது, மாற்றிவிடுங்கள்.

பதில்: கடைசல்

ஒரு சோதனை மிச்சம். ஒவ்வொரு பாதியையும் விளிம்பு கீழே இருக்கும்படி கண்ணாடியில் கவிழ்த்து, சுற்றிலும் லேசாக அழுத்துங்கள். (நடுக்குமிழ் விளிம்பைவிட உயரமாக இருந்தால் இந்தச் சோதனை உதவாது.) டக் டக்கென்று ஆடினாலோ, ஒரு இடத்தில் மட்டும் சாதாரணத் தாள் உள்ளே நுழைந்தாலோ விளிம்பே வளைந்திருக்கிறது. சுத்தியலால் தட்டி நிமிர்த்தப் பார்க்காதீர்கள். அலுமினியம் அங்கே விரியும், பக்கத்தில் புதுசாக வளையும். நகத்தில் மட்டும் தெரிகிற அதிர்வு விளையாட்டைக் கெடுக்காது, அப்படியே ஆடலாம்.

நூல்சுற்றி

ஆடவில்லை, தாளும் நுழையவில்லை. அச்சை அரைச் சுற்று இறக்கியதில் நன்றாகக் குறைந்துவிட்டது. ஆனால் விளையாடும்போது பாதிகள் தானாகக் கழல்கின்றன. ஃபெவிக்விக் ஒரு சொட்டு விடலாமா?

பதில்: எட்டுமுடிச்சு

கூடாது. அது கசிந்து பேரிங்குக்குள் போய்விடும். அச்சு நிரந்தரமாக இருக்க வேண்டிய பாதியின் மரையில் மட்டும் நீல லாக்டைட் 243 ஒரு சிறு துளி; பேரிங்கை வெளியே வைத்துவிட்டு 24 மணி நேரம் காயவிடுங்கள். அதன் பிறகும் கழன்றால் மறுபாதியின் மரை தேய்ந்திருக்கிறது. துளையில் ஆழம் இருந்தால் 12 மி.மீ. அச்சு போடுங்கள், உள்ளே தேயாமல் இருக்கும் மரையைப் பிடிக்கும்.

கேள்வி: சின்னவண்டு

பிளாஸ்டிக் யோயோவுக்கும் இதே வழியா அண்ணா?

பதில்: கடைசல்

சோதனை வரிசை அதேதான். சால்டரிங் அயர்ன் மட்டும் வேண்டாம், நடுப்பகுதி உருகிவிடும். பிளாஸ்டிக்கில் பல ரகங்களில் உலோக நட்டை உள்ளே பதித்திருப்பார்கள். விழுந்தால் அந்த நட் சாயும், அல்லது அதைச் சுற்றி மயிரிழை விரிசல் விடும். டார்ச் அடித்து நடுக்குமிழைப் பாருங்கள். நட் ஆடினாலோ விரிசல் தெரிந்தாலோ அந்தப் பாதியை மாற்றத்தான் வேண்டும். விரிசலோடு வேகமாகச் சுற்றாதீர்கள், பாதி தெறித்து முகத்தில் படலாம்.